ஸ்விஃப்ட்டை வீட்டிலேயே 40 மி.மீ. தாழ்த்தலாமா? கோவை வாசகருக்கு ஒரு வாகனப் பொறியாளரின் பதில்

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

கோவையிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2019-ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார். 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு வால்பாறை போய்வருகிறார். சமீப காலமாக வளைவுகளில் கார் அதிகம் சாய்வதாகவும், பள்ளத்தில் இறங்கி ஏறினால் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஆடி அடங்குவதாகவும் சொல்கிறார். தாழ்த்தினால் கார் தரையைப் பிடிக்கும் என்று நம்பி, அதற்குத் தீர்வாகக் காரை 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் நான்கை இணையத்தில் வாங்கிவிட்டார். பெட்டி வந்துவிட்டது, இன்னும் மாட்டவில்லை. பழைய ஷாக் அப்சார்பரையே வைத்துக்கொண்டு, காரோடு வந்த ஜாக்கியும் ஒரு ஸ்பேனர் செட்டும் கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நண்பரோடு வீட்டு வாசலிலேயே வேலையை முடித்துவிட நினைக்கிறார். சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி இல்லை. கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டு நட்டைக் கழற்றலாம் என்பது நண்பரின் யோசனை. பொருந்தவில்லை என்றால் பழைய ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டிவிடலாம் என்றும் அவர் சொல்கிறாராம். ஆர்.சி. புத்தகத்தில் காரின் உயரமே எழுதப்படவில்லை, எனவே சட்டச் சிக்கல் வராது என்று வாசகர் நம்புகிறார். அப்பாவுக்கு முதுகுவலி உண்டு, பின்சீட்டில்தான் உட்காருவார் என்பதைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள தம்பி,

முதலில் இரண்டு வேண்டுகோள். கட்டுக்கம்பி யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் பெட்டியைத் திருப்பி அனுப்ப நாள் இருக்கிறதா என்று பாருங்கள். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்த பிறகு முடிவு உங்களுடையது.

உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரே பிரச்சினை அல்ல, இரண்டு. கார் ஆடுகிறது, சாய்கிறது என்பது ஒன்று. கார் தாழ்வாக, பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்கிற ஆசை இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் வரிகளுக்கிடையில் தெரிகிறது. அதில் தவறு ஏதும் இல்லை. ஆனால் முதல் பிரச்சினைக்கு இரண்டாவதை மருந்தாக நினைப்பதுதான் உங்களை இந்த முடிவுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

பள்ளத்தில் இறங்கிய கார் இரண்டு மூன்று தடவை ஆடி அடங்குகிறது என்றால் குறை ஸ்பிரிங்கில் இல்லை. காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது ஆடுவதை அடக்குவது ஷாக் அப்சார்பர். 62,000 கிலோமீட்டரில், அதிலும் மலைப்பாதையும் மோசமான சாலையும் கலந்த ஓட்டத்தில், அதன் உள்ளே இருக்கும் வால்வும் எண்ணெய்ச் சீலும் தளர்ந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து ஷாக்கின் உடலைப் பாருங்கள். லேசாகத் தூசி ஒட்டிய ஈரம் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். எண்ணெய் வழிந்து கோடு போட்டிருந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது. டயரின் மேல்பரப்பைக் கையால் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக, சிறு கிண்ணங்கள் போலத் தேய்ந்திருந்தால் அதுவும் ஷாக் போனதற்கான அடையாளம். பானெட்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை அதிகம் நம்பாதீர்கள். முற்றிலும் போன ஷாக்கை மட்டுமே அது காட்டும். பாதி தளர்ந்தது அதில் தப்பிவிடும்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 1819 என்றால் 2019-ஆம் ஆண்டின் 18-வது வாரத்தில் செய்தது. காரோடு வந்த டயர்தான் இன்னும் ஓடுகிறது என்றால், வளைவில் கார் வழுக்குவது போலத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம். பட்டன்களுக்கு இடையில் இருக்கும் தேய்மான மேடு 1.6 மி.மீ. உயரம். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும்.

தாழ்த்தினால் கார் தரையைப் பிடிக்கும் என்பது பற்றி

இது முழுப் பொய் இல்லை. எடை மையம் தாழ்ந்தால் வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு இடம்மாறும் சுமை குறையும். ஆனால் பந்தயக் காரைத் தாழ்த்துகிறவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்துவதில்லை. அதற்கேற்ற ஷாக், லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோடு இணைக்கும் கை) கோணத்தைத் திருத்தும் பால் ஜாயின்ட் (பந்து மூட்டு), கேம்பர் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) திருத்தம் எல்லாம் சேர்த்தே செய்கிறார்கள். அவர்கள் ஓட்டுவதும் வேகத்தடை இல்லாத சமதளத்தில்.

உங்கள் காரின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது; அந்தத் தூண்தான் ஸ்ட்ரட். காரை முன்னிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். லோயர் ஆர்ம், பாடியிலிருந்து சக்கரத்தை நோக்கி லேசாகக் கீழ்நோக்கி இருப்பதே நல்லது. பாடியை 40 மி.மீ. இறக்கினால் அந்த ஆர்ம் படுத்துவிடும், அல்லது சக்கரப் பக்கம் மேலேறிவிடும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, கார் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே போகும். எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையிலான தூரம் கூடும். அந்தத் தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். ஆகவே ஸ்பிரிங் போதிய அளவு கடினமாக இல்லையென்றால், தாழ்ந்த கார் முன்பைவிட அதிகமாகவே சாயும். கூடவே சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் கோணமும் மாறுவதால், மேடு ஏறும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் சற்றுத் திரும்பும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் அது உங்கள் கையில் தெரியும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்.

ஆனால் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை, சக்கரம் மேலும் கீழும் நகர மிச்சமிருக்கும் தூரம். அதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். புரிவதற்காக முழு எண்களாக எடுத்திருக்கிறேன். உங்கள் காரின் சரியான எண்கள் சற்று மாறும், கணக்கின் போக்கு மாறாது.

முன்பக்கம் ஒரு ஸ்பிரிங்கின் மேல் 240 கிலோ நிற்கிறது என்று வைப்போம். அதை 1 மி.மீ. அழுத்த 2 கிலோ வேண்டும் என்றால், கார் சும்மா நிற்கும்போதே ஸ்பிரிங் 120 மி.மீ. அழுந்தியிருக்கும். அங்கிருந்து பம்ப் ஸ்டாப்பர் என்னும் ரப்பர் தடுப்பு இடிக்கும்வரை 60 மி.மீ. இருக்கிறது. இப்போது 25 சதவீதம் கடினமான, அதாவது 1 மி.மீ.க்கு 2.5 கிலோ கேட்கும் ஸ்பிரிங்கைப் போட்டுக் காரை 40 மி.மீ. இறக்குகிறீர்கள். ஸ்டாப்பர்வரை மிச்சம் 20 மி.மீ. மட்டுமே. அந்தத் தூரத்துக்குள் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் அதிர்வின் ஆற்றல், கடினத்தையும் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதைப் பொறுத்தது. பழையதற்கு 2 × 60 × 60 என்றால் 7,200. புதியதற்கு 2.5 × 20 × 20 என்றால் 1,000. ஏழில் ஒரு பங்கு! பழைய அளவு அடியை இந்த 20 மி.மீ.க்குள் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் ஒன்பது மடங்கு கடினமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட காரில் யாரும் உட்கார முடியாது. எனவே நடைமுறையில் என்ன ஆகும்? ஒவ்வொரு பள்ளத்திலும் ரப்பர் ஸ்டாப்பர்தான் ஸ்பிரிங்காக வேலை செய்யும். மாதக்கணக்கில் அது நொறுங்கும். அதற்குப் பிறகு ஷாக்கின் உடல் நேராக இடிக்கும். மேலே இருக்கும் மவுண்ட் ரப்பர் கிழியும். பின்சீட்டில் இருப்பவரின் முதுகெலும்புக்கு அந்த இடி அப்படியே போகும். உங்கள் அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரியைக் கடிதத்தின் முதல் வரியாக வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

கீழ்நோக்கிய பக்கத்தையும் பாருங்கள். பழைய ஸ்பிரிங்கோடு ஸ்ட்ரட் முழுதாக நீளும்போது, அதாவது சக்கரம் தொங்கும்போது, நிற்கும் நிலையிலிருந்து 80 மி.மீ. இறங்குகிறது என்றால், அப்போதும் ஸ்பிரிங் 40 மி.மீ. அழுந்தியே இருக்கும். தான் உட்கார்ந்திருக்கும் தட்டைவிட்டு நகராது. புதிய ஸ்பிரிங் 96 மி.மீ.தான் அழுந்தும், ஆகவே கார் 40 மி.மீ. இறங்க வேண்டுமானால் அதன் முழு நீளம் பழையதைவிட 64 மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். அதே ஸ்ட்ரட்டில் சக்கரம் தொங்கும்போது 24 மி.மீ. இடைவெளி விழுந்து ஸ்பிரிங் தளதளவென்று நிற்கும். நல்ல தயாரிப்பாளர்கள் இதற்காகவே ஒரு பக்கச் சுற்றுகளை நெருக்கமாக முறுக்கி வைப்பார்கள். கார் நிற்கும்போது அவை மூடிக்கொள்ளும்; தொங்கும்போது விரிந்து இடைவெளியை நிரப்பும். உங்களுக்கு வந்த ஸ்பிரிங்கில் அப்படி நெருங்கிய சுற்றுகள் இருக்கின்றனவா, உடலில் பாகத்தின் எண் அச்சிட்டிருக்கிறதா, முன்பக்கம் பின்பக்கம் என்று தனித்தனியாகக் குறித்திருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் அது எந்தக் காருக்கும் கணக்கிட்டுச் செய்த ஸ்பிரிங் இல்லை.

சுற்றை வெட்டுவது வேண்டவே வேண்டாம்

ஆறு சுற்றுகள் வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கடினம் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே கூடும். ஆனால் ஒரு சுற்றின் உயரம் அப்படியே போய்விடும். மேலே சொன்ன எண்களிலேயே போட்டால், 60 மி.மீ. நீளம் குறைந்து, கடினம் கூடியதில் 20 மி.மீ. திரும்பக் கிடைத்து, கார் 40 மி.மீ. இறங்கும். பார்வைக்கு அதே உயரம்தான். ஆனால் தொங்கும்போது 20 மி.மீ. லூஸ். ஸ்பிரிங்கின் முனை தட்டின் பள்ளத்தில் உட்காரும்படி வளைத்திருப்பார்கள். வெட்டிய முனைக்கு அந்த வளைவு இல்லை. அது ஒரு புள்ளியில் மட்டும் ஊன்றித் தட்டை அறுக்கும். காஸ் வெட்டிலும் கிரைண்டரிலும் சூடேறிய இடத்தில் எஃகின் பதம் போய்விடும். பிறகு உடையும்போது அந்த இடத்திலோ அதற்குப் பக்கத்திலோதான் உடையும். உடைந்த முனை டயரைக் கிழித்தால் அது நடப்பது கார் ஓடும்போதுதான்.

வேகத்தடைக் கணக்கு

மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ.; முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2,450 மி.மீ. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவுப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள மெதுவான வளைவு. உங்கள் காரின் நடுப்பகுதி அதன் உச்சியில் இருக்கும்போது நான்கு சக்கரங்களும் அந்த வளைவின் மேலேயே நிற்கும். எனவே இடைவெளியில் குறைவது சுமார் 44 மி.மீ. மட்டுமே. தாழ்த்திய காரும் அதில் தப்பிவிடும்.

ஆனால் நம் தெருக்களில் இருப்பது அதுவா? ஒரு விபத்து நடந்த மறுநாள் ஊரார் சேர்ந்து சிமென்டில் எழுப்பிய, அரை மீட்டர்கூட அகலமில்லாத திண்டுகள்தான் நிறைய. அதன்மேல் போகும்போது சக்கரங்கள் இரண்டு பக்கமும் சமதரையில் நிற்கும். திண்டின் முழு உயரமும் கணக்கில் வரும். 163 என்பதைக் காலிக் காரின் அளவாகவே வைத்தாலும், 40 போனால் 123. நான்கு பேர் ஏறினால் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் 70 கிலோ கூடி இன்னொரு 28 மி.மீ. இறங்கும். மிச்சம் 95 மி.மீ. இப்போதைய ஸ்பிரிங்கோடு அதே நான்கு பேர் ஏறினால் 128 மி.மீ. இருக்கும். 12 செ.மீ. திண்டு ஒன்று வந்தால், இன்றைக்கு மயிரிழையில் கடக்கிற கார் அன்றைக்கு எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்க் கிண்ணத்தாலோ சைலன்சராலோ தேய்த்துக்கொண்டு போகும். எண்ணெய்க் கிண்ணம் உடைந்ததைக் கவனிக்காமல் இரண்டு நிமிடம் ஓட்டினாலே எஞ்சின் போய்விடலாம்.

சட்டமும் காப்பீடும்

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் இந்தத் துறையில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில், தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆர்.சி.யில் உயரம் இல்லையே என்கிற உங்கள் வாதத்தை 52-ஆம் பிரிவுக்கு எதிராக வேண்டுமானால் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதே 2019-இல் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு, உதிரிபாகங்களை வெளியில் வாங்கிப் பொருத்துவதையும் சேர்த்தே பேசுகிறது. சட்டமும் விதிகளும் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இதற்கு உரிமையாளர்தான் பொறுப்பு.

காப்பீட்டில் நீங்கள் சொல்லாமல் செய்த மாற்றம், உங்கள் காரின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது நிறுவனத்தின் கையில் நீங்களே கொடுக்கும் ஆயுதம். குறிப்பாக ஸ்பிரிங், பிரேக், ஸ்டியரிங் மாற்றங்கள். விபத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்வது எளிது. பொதுச் சாலையில் குடும்பத்தோடு ஓடும் காருக்கு இது தேவையா என்று என்னைக் கேட்டால், தேவையில்லை என்பேன். பந்தயத் தளத்துக்கு மட்டும் லாரியில் ஏற்றிக்கொண்டு போகும் கார் என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமையை வேறு வேலைக்குக் கொடுங்கள்

இப்போது நல்ல செய்தி. வீட்டில் நீங்களே செய்ய வேண்டும் என்கிற ஆர்வத்தைக் கைவிட வேண்டாம். பழைய ஸ்பிரிங்குகளை அப்படியே வைத்துக்கொண்டு நான்கு ஷாக்குகளையும் புதிதாக மாற்றுவதும் ஏறத்தாழ இதே வேலைதான். சட்டச் சிக்கல் இல்லை, ஆட்டம் நிற்கும், வளைவில் கார் சாயும் வேகமும் குறையும். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் ஷாக்கின் அடக்கும் திறனும் கூட வேண்டும். 25 சதவீதக் கடினத்துக்குச் சுமார் 12 சதவீதம். தளர்ந்துபோன பழைய ஷாக்கின் மேல் கடின ஸ்பிரிங்கை ஏற்றியிருந்தால் ஆட்டம் இன்னும் மோசமாகியிருக்கும்.

வாங்க வேண்டியவை: முன் ஸ்ட்ரட் 2, பின் ஷாக் 2, ஸ்ட்ரட் மேல் மவுண்ட் 2, அதன் பேரிங் 2, முன் பின் பம்ப் ஸ்டாப்பரும் டஸ்ட் கவரும் தலா 2, கழற்றும் ஒவ்வொரு லாக் நட்டுக்கும் புதியது ஒன்று. ஸ்ட்ரட்டையும் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியையும் இணைக்கும் லிங்க் ராடைக் கையால் அசைத்துப் பாருங்கள். அதன் முனையிலுள்ள பந்து மூட்டு லூஸாக இருந்தால் அதையும் ஜோடியாக மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் புதியது, மறுபக்கம் பழையது என்று எதையும் விடாதீர்கள். மவுண்டையும் பேரிங்கையும் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் நிறைய. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டக்கென்று ஒரு சத்தம் வந்து, முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டி வரும்.

கருவிகளில் காரோடு வந்த ஜாக்கி, பஞ்சரான டயரை மாற்ற மட்டுமே. உங்களுக்கு வேண்டியது 2 டன் ட்ராலி ஜாக்கி ஒன்று, தாங்கு ஸ்டாண்டு இரண்டு, சக்கரக் கட்டை இரண்டு, நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச், துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியான ஸ்பிரிங் கம்ப்ரசர் ஒரு செட். கம்ப்ரசரைச் சில உதிரிபாகக் கடைகளில் வாடகைக்கும் கேட்டுப் பார்க்கலாம். கூடவே உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல். நட்டுகளின் இறுக்க அளவை அதிலிருந்து மட்டுமே எடுங்கள். யார் வாய்வழியாகச் சொல்வதையும் நம்ப வேண்டாம். வாசல் சிமென்ட் தளமாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டு இறங்கிவிடும்.

*முன்பக்கம்.* வேலைக்கு முந்தைய இரவே, ஸ்ட்ரட்டை நக்கிளோடு (சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்புப் பாகம்) சேர்க்கும் நக்கிள் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி, பாடியின் ஜாக்கிப் புள்ளிகளில் ஸ்டாண்டு வைத்து இறக்குங்கள். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள். ஸ்டாண்டு சரிந்தாலும் உயிர் தப்பும்.

ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் ஆகியவற்றின் கிளிப்பை முதலில் விடுவியுங்கள். லிங்க் ராடின் நட்டைக் கழற்றும்போது நடுவில் இருக்கும் அறுகோணப் பள்ளத்தில் ஆலன் கீ வைத்துப் பிடியுங்கள். இல்லையென்றால் பந்தோடு சேர்ந்து சுற்றும். ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்டுகள் இருக்கும் இடத்தில், இரண்டின் மேலும் விழும்படி பெயிண்டில் ஒரு கோடு இழுங்கள். அந்தத் துளைகளில் இருக்கும் சிறு இடைவெளியே கேம்பரை மாற்றப் போதும். நக்கிளைக் கம்பியால் உள்நோக்கிப் பாடியோடு தாங்கலாகக் கட்டி வையுங்கள். அது வெளியே சரிந்தால் ஹோஸ் இழுபடும். டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டும் பிரிந்துவிடலாம்.

மேலே, பாடியோடு பிடிக்கும் நட் எது, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட் எது என்பதை மேனுவலைப் பார்த்து முன்பே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்தான தவறு இந்த வேலையில் நடப்பது இங்கேதான். ஸ்ட்ரட் கையில் வந்த பிறகும் ஸ்பிரிங் 40 மி.மீ. அழுந்தியே இருக்கிறது என்று கணக்கில் பார்த்தோம்; அதாவது 80 கிலோ விசை. தட்டை விடுவிக்க இன்னும் 20 மி.மீ. அழுத்தினால் 120 கிலோ. கட்டுக்கம்பி முதலில் தாங்குவது போல இருக்கும். நட் கடைசி மரையைவிட்டு வரும் நொடியில் முடிச்சு இழுபட்டு அறும்; இரும்பு மவுண்ட் யார் குனிந்திருக்கிறாரோ அவர் முகத்துக்கு வரும்.

கம்ப்ரசரின் இரு கம்பிகளையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரே, முடிந்தவரை அதிகச் சுற்றுகளை அணைத்தபடி மாட்டுங்கள். மரைக்கு எண்ணெய் விடுங்கள். ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று கையாலேயே மாறி மாறி இறுக்குங்கள். ஏர் கன் வேண்டாம். மரை சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் தட்டுக்குள் கையால் சுழலும் அளவுக்கு லூஸான பிறகுதான் நடு நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். அழுத்திய ஸ்பிரிங்கின் முனை யாரையும் பார்த்தபடி இருக்கக் கூடாது. அழுத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகவும் கூடாது.

புதிய ஸ்ட்ரட்டை நிறுத்தி வைத்து, அதன் ராடை நாலைந்து முறை முழுதாக அழுத்தி இழுத்து உள்ளே சேர்ந்த காற்றை வெளியேற்றுங்கள். ராடைப் பிளையரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் விழுந்தால் சில மாதங்களில் சீல் போகும். ஸ்பிரிங்கின் கீழ் முனை தட்டின் படியில் முட்டி உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கம்ப்ரசரைத் தளர்த்துங்கள். அதுவும் மாறி மாறித்தான்.

*பின்பக்கம்.* இது எளிது. இரு பின்சக்கரங்களையும் ஒரே குறுக்குத்தண்டு இணைக்கும் டார்ஷன் பீம் அமைப்பில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கின்றன, கம்ப்ரசர் வேண்டாம். பின்பக்கத்தைத் தூக்கிய பிறகு ஹேண்ட் பிரேக்கால் பயனில்லை, அது பின்சக்கரத்தை மட்டுமே பிடிக்கும். முதல் கியரில் போட்டு முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஸ்டாண்டு பாடியில், ஜாக்கி பீமுக்கு அடியில். ஜாக்கி பீமைத் தாங்கியிருக்கும்போதே இரு ஷாக்குகளின் கீழ் போல்ட்டையும் எடுங்கள். ஸ்பிரிங்குகளை எடுத்து அதன் ரப்பர் தட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றால் பீமை மெல்ல இறக்குங்கள். பிரேக் ஹோஸ் இழுபடும் முன் நிறுத்துங்கள். ஹோஸில் பீம் தொங்கக் கூடாது.

ரப்பர் புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும் சக்கரம் தொங்கும்போது இறுதியாக இறுக்காதீர்கள். புஷ்ஷின் ரப்பர் இரும்போடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால் அது நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும். சில மாதங்களில் கிழியும், காரும் ஒரு பக்கம் உயரமாக நிற்கும். பீமை ஜாக்கியால் தூக்கி, முன்பு அளந்து வைத்த உயரத்துக்குக் கொண்டுவந்து, அப்போது டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

முடித்த பிறகு

நக்கிள் போல்ட்டைத் தொட்டதால் அலைன்மென்ட் மாறியிருக்கும். அன்றே, அல்லது மறுநாள் காலை முதல் வேலையாக, மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற உங்கள் எண்ணம் ஒரு ஜோடி டயரைத் தின்றுவிடும். டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தவறினால் உள்விளிம்பு வெளியே தெரியாமலே தேயும். உங்கள் காரில் சாதாரணமாகத் திருத்த முடிவது முன் டோ மட்டும்தான். கேம்பருக்கும் பின்சக்கரத்துக்கும் தனித் திருத்தம் இல்லை. (40 மி.மீ. தாழ்த்தியிருந்தால் கேம்பர் உள்பக்கம் சாய்ந்திருக்கும். கடையில் டோவைச் சரிசெய்துவிட்டு அதை அப்படியே விட்டிருப்பார்கள்.) திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாள் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கேம்பர் இடம் வலம் பெரிதாக வேறுபட்டால், பெயிண்ட் கோட்டைப் பார்த்து நக்கிள் போல்ட்டை மறுபடி சரியாக உட்காரவைக்க வேண்டும்.

இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டையும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் கோடு போடுங்கள். முதல் 100 கிலோமீட்டருக்குப் பிறகு சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள். மற்ற கோடுகள் விலகியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நின்றபடி ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஹோஸும் வயரும் எங்கும் உரசவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். அதுவரை மலை ஏற வேண்டாம். முதல் தடவை வால்பாறை போகும்போது அப்பாவை முன்சீட்டில் உட்காரவையுங்கள். இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் இருப்பதால் பின்சீட்டைவிட அங்கே குலுக்கல் குறைவு.